கல்லீரல் சுருக்க நோய்: அறிந்துகொள்வோம், அன்போடு பேணுவோம்

ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது என்ற செய்தி ஊரில் பரவும்போது, "எப்படி இருக்கிறார்?" என்ற கேள்வி பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் வருகின்றது. முதலில் வருவது, "குடிப்பாரோ?" என்பது. இந்தக் கேள்விக்கு அஞ்சியே பல குடும்பங்கள் இந்த நோயின் பெயரை வெளியில் சொல்வதில்லை. வயிற்று வலி என்கிறார்கள், மஞ்சள் காமாலை என்கிறார்கள், அல்லது ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறார்கள். சிகிச்சை பலன் தரக்கூடிய நாள்கள் இந்த மௌனத்திலேயே கழிந்துவிடுகின்றன. எனவே, இந்த நோய் எப்படி வருகின்றது, வந்தபின் எப்படி வாழ்வது என்பதை இன்று நாம் கொஞ்சம் பொறுமையாகச் சிந்திப்போம்.

கல்லீரல் செய்யும் வேலை

நம் வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளுக்கு உள்ளே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு கல்லீரல். ஒவ்வொரு நிமிடமும் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் இதற்குள் சென்று வருகின்றது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்து உணவின் சத்துகளைச் சுமந்து வரும் இரத்தம். அந்தச் சத்துகளைப் பிரித்துச் சேமிப்பதும், நச்சுகளை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும், காயம்பட்டால் இரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களை உருவாக்குவதும் கல்லீரலின் வேலைகள். ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரும் ஆற்றல் இதற்கு உண்டு.

ஆனால், இந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஆண்டுக்கணக்கில் ஏதோ ஒன்று கல்லீரலைத் தொடர்ந்து புண்படுத்திக்கொண்டே இருந்தால், புண் ஆறிய இடங்களில் தழும்பு விழுகின்றது. தழும்புகள் கூடக்கூட, மென்மையாக இருந்த கல்லீரல் இறுகி, மேடும் பள்ளமுமாக முடிச்சு முடிச்சாக மாறி, பெரும்பாலும் சுருங்கியும் போகின்றது. இதைத்தான் சிரோசிஸ் என்று மருத்துவர்களும், ஈரல் சுருக்கம் என்று நம் மக்களும் சொல்கின்றனர். பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் 1819ஆம் ஆண்டு இந்நோய்க்குப் பெயரிட்டார். ஸ்டெதாஸ்கோப் கருவியைக் கண்டுபிடித்தவரும் இவரே. நோயுற்ற கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைக் கண்டு, அந்நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இப்பெயரை அமைத்தார்.

குடி மட்டுமே காரணம் அல்ல

மதுப்பழக்கம் இந்த நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இதை மறைக்க வேண்டியதில்லை. 'குவார்ட்டர்' என்று சொல்லப்படும் 180 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கின்றது. பீர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. 650 மில்லி சாதாரண பீர் பாட்டில் ஒன்றில் 25 கிராமும், 'ஸ்ட்ராங்' வகையில் சுமார் 40 கிராமும் ஆல்கஹால் இருக்கின்றது. எந்தப் பாட்டிலிலிருந்து வந்தாலும் கல்லீரலுக்கு ஆல்கஹால் ஆல்கஹால்தான். பெண்களின் கல்லீரல் இன்னும் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுகின்றது.

ஆனால், வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகின்றது. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகிய இரண்டு வைரஸ்களும் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிக் கல்லீரலை அரிக்கக்கூடியவை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், பரிசோதிக்கப்படாத இரத்தம், சுத்தம் செய்யப்படாத ஊசி, பகிர்ந்துகொள்ளும் சவரக்கத்தி வழியாகவும், உடலுறவு வழியாகவும் இவை பரவலாம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ பரவுவதில்லை. அசுத்தமான தண்ணீரால் வரும் ஏ, இ வகை மஞ்சள் காமாலைகள் வேறு. அவை பொதுவாகச் சில வாரங்களில் குணமாகிவிடும்; சிரோசிஸில் கொண்டுபோய் விடுவதில்லை.

அடுத்த காரணம், இன்று வேகமாகப் பெருகி வரும் கொழுப்புக் கல்லீரல். சர்க்கரை நோய், பெருத்த இடுப்பு, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவற்றோடு சேர்ந்து வருவது இது. ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருப்பதை, எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். எல்லாருக்கும் அது சிரோசிஸாக மாறுவதில்லை என்பது உண்மை. ஆனால், சிலருக்கு மாறுகின்றது; குறிப்பாக, சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இவை தவிர, உடலில் செம்புச்சத்து தேங்கும் வில்சன் நோய் சிறு பிள்ளைகளையும் இளைஞரையும் தாக்குகின்றது. உடலின் எதிர்ப்பு ஆற்றலே கல்லீரலைத் தாக்கும் நோய் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது. பித்தநாளம் சரியாக உருவாகாமல் பிறக்கும் பச்சிளம் குழந்தைக்கும் கல்லீரல் சுருங்குகின்றது. அந்தக் குழந்தையைப் பார்த்து யாரும் "குடிப்பாரோ?" என்று கேட்க முடியாது அல்லவா?

சத்தமில்லாத ஆண்டுகள்

இந்த நோயின் பெரிய ஆபத்து, அது தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தருவதில்லை என்பதே. கல்லீரலின் எஞ்சிய நல்ல பகுதி முழு வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிடுவதால், நோயாளர் வழக்கம்போல் வேலைக்குப் போய்வருவார். களைப்பு, பசியின்மை, எடை குறைதல் என்று சிறு அறிகுறிகள் மட்டுமே இருக்கலாம். இது முதல் நிலை. கல்லீரலால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது வயிற்றில் நீர் கோர்க்கின்றது, கண்கள் மஞ்சளாகின்றன, இரத்த வாந்தி வருகின்றது, நினைவு தடுமாறுகின்றது. இது இரண்டாம் நிலை.

முதல் நிலையில் இருப்போரில் பாதிப்பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததையும், இரண்டாம் நிலைக்குச் சென்றோருக்கு அது ஏறக்குறைய 2 ஆண்டுகளாகக் குறைந்ததையும் முந்தைய ஆய்வுகள் காட்டின. இவை பலரைச் சேர்த்துக் கணக்கிட்ட எண்கள். எந்தத் தனி மனிதரின் ஆயுளையும் இவை எழுதி வைக்கவில்லை. முதல் நிலையிலேயே நோயைக் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதையே இவை நமக்குச் சொல்கின்றன.

ஆகவே, நீண்டகால மதுப்பழக்கம் உள்ளவர்கள், சர்க்கரை நோயோடு கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள், குடும்பத்தில் யாருக்காவது ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாதாரண இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முதலில் போதும். தேவைப்பட்டால், கல்லீரலின் இறுக்கத்தை ஊசி குத்தாமலேயே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைப்பார்.

காரணத்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை

சிரோசிஸ் என்றாலே முடிந்துவிட்டது என்ற எண்ணம் தவறு. எது கல்லீரலைப் புண்படுத்துகின்றதோ அதை நிறுத்தினால், நோயின் போக்கு மாறுகின்றது. சிலருக்குத் தழும்புகூடக் குறைகின்றது. ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு டெனோஃபோவிர் மாத்திரை எடுத்துக்கொண்டோரை ஐந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு, ஐந்தாண்டு முடிவில் திசுப் பரிசோதனையில் சிரோசிஸ் காணப்படவில்லை. ஹெபடைட்டிஸ் சி வைரஸையோ, பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளால் உடலிலிருந்து அறவே நீக்கிவிட முடிகின்றது. இவ்விரண்டு வைரஸ்களுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பரிசோதனையும் மருந்தும் தரும் தேசியத் திட்டம் 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இந்த நோயை அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் தடுக்கின்றது.

கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே கல்லீரலின் வீக்கம் தணிகின்றது. 80 கிலோ எடை உள்ளவருக்கு இது 6 முதல் 8 கிலோ. ஆனால், சிரோசிஸ் வந்துவிட்டவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடந்து எடையைக் குறைக்கக் கூடாது.

மதுவால் நோயுற்றவர்களுக்கு, மதுவை முழுவதும் விடுவதே மருந்து. குறைத்துக்கொள்வது போதாது. ஆனால், நாள்தோறும் அதிகம் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். எனவே, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு. குடிப்பழக்கம் மருத்துவம் தேவைப்படும் ஒரு நோய் என்ற புரிதலோடு, சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1980 முதல் சிகிச்சை அளித்து வருகின்றது. 14446 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். "நீயே வரவழைத்துக்கொண்டது" என்று சொல்லிச் சொல்லி யாரையும் குடியிலிருந்து மீட்ட வீடு இல்லை. அந்த வார்த்தை மனிதரை மீண்டும் பாட்டிலை நோக்கியே தள்ளுகின்றது.

அடுப்பங்கரையில் செய்ய வேண்டியவை

ஈரல் நோய் என்றதும் நம் வீடுகளில் உடனே பத்தியம் தொடங்கிவிடுகின்றது. முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது என்று வெறும் கஞ்சியும் மோர்ச் சோறும் கொடுக்கிறோம். அன்பினால் செய்யும் இந்தப் பத்தியம் நோயாளரை மேலும் நலிவுறச் செய்கின்றது. சிரோசிஸ் உடலின் தசைகளைக் கரைக்கும் நோய். நோயாளருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும், வேகவைக்காத 100 கிராம் பாசிப்பயறில் 24 கிராமும் புரதம் இருக்கின்றன. பால், தயிர், சுண்டல், பருப்பு எல்லாம் நல்லவையே.

நீண்ட நேரம் வயிறு காலியாக இருக்கவும் கூடாது. இரவு உணவிலிருந்து காலை உணவுவரையிலான இடைவெளியே இவர்கள் உடலுக்குப் பல நாள் பட்டினிபோல் ஆகிவிடுகின்றது. படுக்கப்போகும் முன் ஒரு தம்ளர் பாலோ, சத்துமாவுக் கஞ்சியோ, இரண்டு இட்லியோ சாப்பிடுவது தசை கரைவதைக் குறைக்கும். தவக்காலத்திலும் பிற விரத நாள்களிலும் நோன்பிருக்க விரும்பும் பெரியவர்களிடம், நோயுற்றோருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

குறைக்க வேண்டியது உப்பு. குறிப்பாக, வயிற்றிலும் காலிலும் நீர் கோர்த்தவர்களுக்கு, நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் உப்பே அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் நொறுக்குத் தீனி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கூடுதலாக இருப்பதால், நீர் வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

மருந்து என்ற பெயரில் வரும் ஆபத்துகள்

மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், சிரோசிஸ் நோயாளரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரத்தக் கசிவையும் உண்டாக்கும். பாரசிட்டமால்கூட மருத்துவர் சொன்ன அளவில், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்கு மிகாமல்தான். தூக்க மாத்திரைகள் நினைவுத் தடுமாற்றத்தை வரவழைக்கும்.

நம் மக்கள் மிகவும் நம்பும் கீழாநெல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நொபெல் பரிசு பெற்றவர் அமெரிக்க மருத்துவர் பரூக் புளூம்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் கீழாநெல்லியை ஆய்வு செய்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மூலிகை தரப்பட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்ததாக அதில் கூறப்பட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. எனவே, கீழாநெல்லியை நம்பி வைரஸ் மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத பொடி, லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிய பிறகே தொட வேண்டும்.

அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுப்பாகப் போனாலோ தாமதிக்கக் கூடாது. இறுகிய கல்லீரலுக்குள் நுழைய முடியாத இரத்தம், உணவுக்குழாயின் நாளங்களைப் புடைக்க வைத்து, அவை வெடிப்பதால் ஏற்படுவது இது. முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி செய்து, ரப்பர் வளையம் போட்டோ மாத்திரை கொடுத்தோ இதைப் பெரும்பாலும் தவிர்க்க முடியும்.

வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால், அந்த நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். உடனே ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நீரை எடுத்தால் மீண்டும் ஊறும், ஆயுள் குறையும் என்று அஞ்சிப் பலர் மறுத்துவிடுகின்றனர். அந்த மறுப்பே உயிரைப் பறிக்கக்கூடும்.

பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது, வீட்டாரை அடையாளம் தெரியாமல் திகைப்பது ஆகியவை நச்சு மூளையை எட்டியதன் அடையாளங்கள். மறுபடியும் குடித்துவிட்டான் என்று ஒருவரும், காற்று கருப்பு பிடித்துவிட்டது என்று மற்றொருவரும் சொல்லக்கூடிய நேரம் இது. உண்மையில், மலச்சிக்கலோ நோய்த்தொற்றோ இரத்தக் கசிவோ இதைத் தூண்டியிருக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகும்படி லாக்டுலோஸ் மருந்தைத் தவறாமல் கொடுத்தால் பலரும் தெளிவடைகின்றனர். அவரை வாகனம் ஓட்ட மட்டும் விடக் கூடாது.

இவற்றோடு, கல்லீரலில் புற்றுநோய் தோன்றுகின்றதா என்பதை அறிய, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது அவசியம்.

மாற்றுக் கல்லீரல்

எல்லா முயற்சிக்கும் பிறகு கல்லீரல் கைவிட்டால், மாற்று அறுவைச் சிகிச்சை ஒரு வழி. 1998ஆம் ஆண்டு நவம்பரில், பித்தநாளக் குறையோடு பிறந்த, இரண்டு வயது நிறையாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். டெல்லியில் நடந்த அந்தச் சிகிச்சையே, ஒரு குழந்தைக்கு இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று. அந்தக் குழந்தை வளர்ந்து, பின்னர் மருத்துவரானார். கொடுப்பவரின் கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகின்றது. ஆயினும், கொடுப்பவருக்கும் அது பெரிய அறுவைச் சிகிச்சையே. மனைவி, தாய், மகள் என்று யாரையும் வற்புறுத்தாமல், அவர்களே மனமுவந்து தீர்மானிக்க வேண்டும்.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைப் பெற்று வழங்கும் திட்டம் தமிழகத்தில் 2008 முதல் நடைபெற்று வருகின்றது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்யப்படுகின்றது. உறுப்புக் கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. துயரத்தின் நடுவே ஒரு குடும்பம் சொல்லும் "சரி" என்ற ஒரு சொல், முன்பின் அறியாத இன்னொரு வீட்டில் விளக்கேற்றுகின்றது.

நம் பங்கு

அன்பு வாசகர்களே, மருத்துவரும் நோயாளரிடம் "குடிப்பீர்களா?" என்று கேட்கிறார். காரணம் தெரிந்தால்தான் அதை நிறுத்த முடியும் என்பதற்காகக் கேட்கிறார். நாமோ தீர்ப்புச் சொல்வதற்காகக் கேட்கிறோம். கேள்வி ஒன்றுதான், ஆனால் ஒன்று மருந்தாகின்றது, மற்றொன்று மனிதரை மறைந்துகொள்ளச் செய்கின்றது. மதுவால் நோயுற்றவருக்கும் வைரஸால் நோயுற்றவருக்கும் வயிற்றில் கோர்க்கும் நீர் ஒன்றே, பக்கத்தில் உறங்காமல் அமர்ந்திருக்கும் மனைவியின் கவலையும் ஒன்றே.

நம் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், ஸ்கேன் எடுக்கப் போகும் நாளில் துணைக்குச் செல்வோம். உப்புக் குறைத்த குழம்பும் வேகவைத்த முட்டையும் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். மதுவை விட்டவர் வீட்டுத் திருமண விருந்துகளில் அவர் கையில் தம்ளரைத் திணிக்காமல் இருப்போம். இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் ஒரு மணி நேரமாவது கண்ணயர, நாம் அங்கே உட்கார்ந்திருப்போம். எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்கப் பழகுவோம்.